தேங்கிய தண்ணீரில் குச்சிக்கிழங்கு: தாதுச் சத்துகளால் என்ன செய்ய முடியும்?

ஐப்பசி அடைமழை மூன்று நாள் கொட்டி ஓய்ந்த பிறகு சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கம், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக் காடு ஒன்றுக்குள் நடந்து பாருங்கள். செடி நட்ட மேட்டு வரிசைகளான பார்களுக்கு நடுவே தண்ணீர் நிற்கும். செடிகளோ பல நாளாகத் தண்ணீரே காணாதவை போல இலை தொங்கிக் கிடக்கும். முதன்முறை பார்ப்பவருக்கு இது புரியாது. காலடியில் இவ்வளவு தண்ணீர் இருக்கும்போது செடி ஏன் வாடுகிறது?

சின்ன வயதில் எங்கள் அம்மாயி காட்டில் நானும் இதைக் கேட்டிருக்கிறேன். அம்மாயி பதில் சொல்லாமல் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். கிழங்கின் நுனி கொழகொழவென்றிருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் பழைய கள் வாடை. “கெழங்கு புளிச்சிருச்சு சாமி” என்றார். வேளாண்மை படித்த பிறகுதான் அது வெறும் பேச்சு வழக்கு இல்லை என்று தெரிந்தது. கிழங்குக்குள் நடந்தது உண்மையிலேயே புளிப்பேறல்தான். கள் புளிக்கும்போது நடக்கும் அதே வேலை.

சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி வட்டாரங்களில் குச்சிக்கிழங்கு, குச்சிவள்ளி, மரவள்ளி என்று பல பெயரில் வழங்கும் இந்தப் பயிர் வறட்சியை அருமையாகத் தாங்கும். ஆனால் தண்ணீர் தேங்கினால் தாங்காது. தையில் நட்ட பயிர் வடகிழக்குப் பருவமழை வரும் நேரத்தில் கிழங்கு பருத்து நிற்கும். பத்து மாத உழைப்பு அந்தச் சில நாள் மழையில் மாட்டிக்கொள்கிறது. இதற்குச் சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம், சாம்பல் சத்து, சிலிக்கான் போன்ற தாதுச் சத்துகளால் உதவ முடியுமா? முடியும். ஆனால் கடைகளில் சொல்லப்படும் விதத்தில் இல்லை. அதைப் புரிந்துகொள்ள, முதலில் செடிக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிடுவோம்.

தண்ணீர் கொல்வதில்லை, காற்றில்லாமை கொல்கிறது

வேரும் மூச்சு விடுகிறது. இலை பகலில் ஆக்சிஜனை வெளியிட்டாலும் மண்ணுக்குள் இருக்கும் வேருக்கும் கிழங்குக்கும் அது போய்ச் சேராது. மண்துகள்களுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் இருக்கும் காற்றுதான் அவற்றுக்கு மூச்சு. மழை பெய்து அந்த இடுக்குகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் கதை மாறுகிறது. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருப்பது சுமார் 8 மில்லிகிராம்தான். அதைவிடப் பெரிய சிக்கல், தண்ணீருக்குள் ஆக்சிஜன் நகரும் வேகம் காற்றில் நகர்வதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. மேலே வானம் முழுக்கக் காற்று இருந்தாலும் ஒரு சாண் ஆழத்தில் உள்ள கிழங்குக்கு அது வந்து சேராது. இருந்த கொஞ்சத்தையும் வேரும் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும் சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் தீர்த்துவிடும்.

ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை எரித்து ஒரு செல் சுமார் 30 ஏடிபி சம்பாதிக்கும். ஏடிபி என்பது செல்லின் கைச்செலவுக் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் இல்லாவிட்டால் அதே குளுக்கோஸிலிருந்து 2 ஏடிபிதான் கிடைக்கும். மீதியெல்லாம் சாராயமாக, அதாவது எத்தனாலாக வீணாகிறது. அம்மாயி காட்டிய கள் வாடை அதுதான். சேர்த்து வைத்த மாவுச்சத்தை மளமளவென்று கரைத்தும் வயிறு நிறையாத நிலை. சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ கணக்கில் விலை பேசப்படும் பயிருக்கு இது இரட்டை அடி.

இலை வாடுவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. காசில்லாத செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. அமிலம் ஏறினால் வேர்ச் செல்களின் தண்ணீர் வாசல்கள் மூடிக்கொள்கின்றன. வெளியே வெள்ளம் நின்றாலும் உள்ளே தண்ணீர் போகாது.

வெளியே மண்ணும் மாறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் மண்ணின் நுண்ணுயிர்கள் மூச்சுக்கு வேறு பொருள்களைத் தேடும். முதலில் நைட்ரேட்டைத் தின்னும். யூரியாவாகப் போட்ட தழைச்சத்தில் (நைட்ரஜனில்) ஒரு பங்கு இப்படித்தான் வாயுவாகிப் பறந்துபோகிறது. பிறகு மாங்கனீசு, அடுத்து இரும்பு, அப்புறம் கந்தகம். மாங்கனீசும் இரும்பும் கரையும் வடிவத்துக்கு மாறி வேருக்கு நஞ்சாகும் அளவுக்குக்கூடச் சேரலாம். கந்தகத்தின் முறை வரும்போது அழுகிய முட்டை வாடை வரும். மண்ணைத் தோண்டிப் பார்த்தால் சாம்பல் கலந்த நீல நிறம் தெரியும். இந்த வாடையும் நிறமும் தெரிந்தால் மண் மூச்சில்லாமல் பல நாள் ஆகிவிட்டது என்று பொருள்.

கடைசி அடி அழுகல் கிருமிகளிடமிருந்து வருகிறது. சேலம் வட்டாரக் கிழங்கு அழுகலுக்குக் காரணமானது பைட்டோப்தோரா. அது பூஞ்சை போலத் தெரிந்தாலும் உண்மையில் நீரில் வாழும் வேறொரு வகை. வாலாட்டி நீந்தும் வித்துகளை விட்டு, தேங்கிய தண்ணீரில் பாரிலிருந்து பாருக்குப் போகும். மூச்சில்லாமல் சோர்ந்த கிழங்கும் நீந்தி வரும் எதிரியும் ஒரே நேரத்தில் சந்தித்துக்கொள்கின்றன.

சுண்ணாம்புச் சத்து: நிலக்கடலை கற்றுத்தந்த பாடம்

தாதுச் சத்துகளில் எனக்கு முக்கியமாகப் படுவது கால்சியம் என்கிற சுண்ணாம்புச் சத்து. அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கிறேன்.

பூசணி மிட்டாய் செய்பவர்கள் பூசணித் துண்டுகளை முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அப்புறம் எவ்வளவு நேரம் பாகில் கொதித்தாலும் துண்டு குழையாது, கடித்தால் நறுக்கென்றிருக்கும். செடியின் செல் சுவர்களை ஒட்டவைக்கும் பசை பெக்டின். பெக்டின் இழைகளுக்கு நடுவே கால்சியம் போய் உட்கார்ந்து, இரண்டு இழைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுகிறது. மென்னழுகல் உண்டாக்கும் பாக்டீரியாக்களின் முதல் வேலை இந்தப் பெக்டினைக் கரைப்பதுதான். கால்சியம் முடிச்சு நிறைய இருந்தால் கரைப்பது கடினம். உருளைக்கிழங்கில் இதை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். கால்சியம் கூடுதலாக உள்ள கிழங்குகளில் மென்னழுகல் குறைகிறது.

இதற்கு மேல் இன்னொரு வேலையும் உண்டு. ஆக்சிஜன் குறைந்த சில நிமிடங்களிலேயே வேர்ச் செல்லுக்குள் கால்சியம் அளவு திடீரென்று ஏறுகிறது. அதுதான் ஆபத்து மணி. அந்த மணி அடித்தால்தான் மூச்சில்லா நேரத்துக்கான நொதிகளைச் செல் தயாரிக்கத் தொடங்கும். மக்காச்சோளச் செல்களில் இந்தக் கால்சியம் ஏற்றத்தைத் தடுத்துப் பார்த்தபோது அந்தத் தயாரிப்பும் நின்றுபோனது.

சரி, அப்படியானால் இலையில் கால்சியம் தெளித்துவிடலாமா? இங்கேதான் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். செடிக்குள் இரண்டு குழாய் வழி உண்டு. ஒன்று வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றுவது. மற்றொன்று இலையில் சமைத்த சர்க்கரையைக் கிழங்குக்கு இறக்குவது. கால்சியம் முதல் வழியில் மட்டுமே நன்றாகப் பயணிக்கும், இறங்கும் வழியில் அனேகமாக வராது. இலையில் தெளித்த கால்சியம் இலையோடு நின்றுவிடும். கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் அது தண்ணீரை ஆவியாக்கி இழுப்பதும் இல்லை. ஆகவே கிழங்குக்கு எப்போதும் கால்சியம் குறைச்சல்தான்.

நிலக்கடலை போட்டவர்களுக்கு இது புதிதல்ல. கடலைக்கு மண் அணைக்கும்போது, 40 முதல் 45ஆம் நாளில், கால்சியமும் கந்தகமும் சேர்ந்த ஜிப்சத்தை ஹெக்டேருக்கு 400 கிலோ போடச் சொல்கிறார்களே, ஏன்? மண்ணுக்குள் இறங்கிய காய்க்கு மேலேயிருந்து கால்சியம் வராது. காயே சுற்றியுள்ள மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பருப்பில்லாத பொக்குதான். உருளைக்கிழங்கிலும் கிழங்கை ஒட்டிய சின்ன வேர்கள்தான் கிழங்குக்குக் கால்சியம் கொடுக்கின்றன. உருளைக்கிழங்கு பருத்த தண்டு, குச்சிக்கிழங்கோ வேரே பருத்தது. ஆனாலும் இறங்கும் குழாயில் கால்சியம் வராது என்ற விதி அதற்கும் பொருந்தும். அதனால் சுண்ணாம்புச் சத்தைக் கிழங்கு பருக்கும் இடத்தில், பாரின் அடித்தூரைச் சுற்றி, மழைக்கு வெகு முன்னதாகவே வைக்க வேண்டும்.

எதைப் போடுவது என்பதை மண்தான் சொல்ல வேண்டும். புளிப்பான மலை மண் என்றால் சுண்ணாம்புத் தூளோ டோலமைட்டோ பொருந்தும். சேலம் பக்கத்தில் சுண்ணாம்பு ஏற்கெனவே மிகுந்த நிலங்களும் உண்டு. அங்கே சுண்ணாம்பு சேர்த்தால் இரும்புச் சத்து மாட்டிக்கொண்டு இலை வெளுக்கும். ஜிப்சம் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டாது. களர் நிலத்தில் அது இன்னொரு பெரிய உதவியும் செய்யும். சோடியத்தால் குழைந்து அடைத்துக்கிடக்கும் களிமண் துகள்களைக் கால்சியம் கட்டிகட்டியாகச் சேர்த்து இடுக்கு உண்டாக்கும். மழைத்தண்ணீர் கீழே இறங்க வழி கிடைக்கும். என் பார்வையில் களர் நிலத்தில் ஜிப்சத்தின் முதல் பலன் இந்த வடிகால்தான், செல் சுவரெல்லாம் அதற்கு அடுத்ததுதான். கலிபோர்னியாவின் அவகாடோ தோட்டங்களுக்கான ஆய்வில் ஜிப்சம் பைட்டோப்தோராவின் வித்துகள் உண்டாவதையும் குறைத்தது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பல நாள் தண்ணீர் நிற்கும், இரும்பு குறைந்த மண்ணில் ஜிப்சத்தின் கந்தகமே அழுகிய முட்டை வாயுவாக மாறக்கூடும். வடிகால் இல்லாத பள்ளக் காட்டில் ஜிப்சத்தைக் கொட்டாதீர்கள்.

துத்தநாகமும் சாம்பல் சத்தும்

மூச்சில்லா நேரத்தில் எத்தனாலை உண்டாக்கும் நொதிக்கு ஆல்கஹால் டிஹைட்ரஜினேஸ் என்று பெயர். பெயர் கடினம், ஆனால் வேலை எளிது. அந்த 2 ஏடிபி வருமானமாவது நிற்காமல் வருவதற்கு இந்த நொதி ஓட வேண்டும். இதன் ஒவ்வொரு துண்டிலும் இரண்டு துத்தநாக அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. துத்தநாகம் இல்லாவிட்டால் இந்த நொதி இல்லை. மண்ணில் தண்ணீர் தேங்கும்போது துத்தநாகம் செடிக்குக் கிடைப்பது மேலும் குறைந்துவிடும் என்பது நெல் விவசாயிகள் அறிந்த தொல்லை. குச்சிக்கிழங்கோ இயல்பாகவே துத்தநாகக் குறைவுக்கு எளிதில் ஆளாகும் பயிர்.

இதற்கு எளிய நேர்த்தி ஒன்று உண்டு. கொலம்பியாவில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையம், நடும் குச்சிகளை 2 முதல் 4 சதவீதத் துத்தநாக சல்பேட் கரைசலில் 15 நிமிடம் ஊறவைத்து நடச் சொல்கிறது. லிட்டருக்கு 20 முதல் 40 கிராம். ஏக்கர் முழுக்க மண்ணில் போடுவதைவிடச் செலவு மிகக் குறைவு. வெள்ளத்தைத் தாங்குவதற்கென்று வந்த முறை அல்ல இது, துத்தநாகக் குறைவைத் தீர்க்க வந்தது. குறை தீர்ந்த செடி வெள்ளத்தின்போது கையில் கொஞ்சம் இருப்போடு நிற்கும், அவ்வளவுதான். நேர்த்தி செய்த செடி பத்து நாள் தண்ணீரில் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாம்பல் சத்து, அதாவது பொட்டாஷ், இலையில் செய்த சர்க்கரையைக் கிழங்குக்கு நகர்த்தி மாவாக்குவதற்கு முக்கியம். பாசனக் குச்சிக்கிழங்குக்கு ஹெக்டேருக்கு 90 கிலோ தழைச்சத்து, 90 கிலோ மணிச்சத்து, 240 கிலோ சாம்பல் சத்து என்ற பரிந்துரையைப் பார்த்தாலே இந்தப் பயிரின் பொட்டாஷ் பசி தெரியும். அந்தச் சாம்பல் சத்தில் பாதி அடியுரம், மீதி 90ஆம் நாள் மேலுரம். ஆக்சிஜன் இல்லாதபோது வேர்ச் செல்கள் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்கக் காசில்லாமல் வெளியே கசியவிடுகின்றன. பார்லியில் நடந்த ஆய்வுகளில், பொட்டாசியத்தை நழுவவிடாத ரகங்களே தேங்கிய தண்ணீரை நன்றாகத் தாங்கின. தவணையைத் தவறவிடாமல் 90ஆம் நாள் பொட்டாஷைப் போடுவது ஆடம்பரமில்லாத, ஆனால் உண்மையான வெள்ளத் தயாரிப்பு. அதற்காக அளவுக்கு மேல் கொட்ட வேண்டாம். பொட்டாஷ் மிகுந்தால் கால்சியமும் மெக்னீசியமும் உள்ளே வருவது குறையும்.

சிலிக்கானைப் பற்றி இப்போது நிறையப் பேச்சு. நெல் அதை வாரி வாரி எடுத்துக்கொள்ளும், உலர் எடையில் 10 சதவீதம் வரைகூட. கிழங்குப் பயிர்களில் பெரும்பாலானவை அப்படி எடுப்பதில்லை. ஒரு பலன் மட்டும் நன்கு தெரிந்தது. மாங்கனீசு அளவுக்கு மீறி ஏறும்போது, அது இலையில் ஒரே இடத்தில் குவிந்து கரும்புள்ளியாகாமல் பரவலாகத் தங்கச் சிலிக்கான் உதவுகிறது. உமிச்சாம்பல் பக்கத்து அரிசி ஆலையில் சும்மா கிடைத்தால் போடுங்கள். விலை கொடுத்து பொட்டாசியம் சிலிகேட் வாங்குவதற்கு முன்னால் இரண்டு முறை யோசியுங்கள்.

ஆக்சிஜனையே மண்ணில் போட முடியாதா?

போட முடியும். கால்சியம் பெராக்சைடு என்று ஒரு வெள்ளைத் தூள் உண்டு. தண்ணீர் பட்டால் மெல்ல மெல்ல உடைந்து சுண்ணாம்பும் ஹைட்ரஜன் பெராக்சைடுமாகிறது. அந்தப் பெராக்சைடு மறுபடி உடைந்து தண்ணீரும் ஆக்சிஜனும் தருகிறது. ஜப்பானில் தண்ணீர் நிற்கும் வயலில் நேரடியாக நெல் விதைக்கும்போது விதைமேல் இதைப் பூசி விதைத்தார்கள். சேற்றுக்குள் புதைந்த விதை முளைக்கும்வரை அதற்கு மூச்சு கிடைத்தது.

அப்படியென்றால் கிழங்குக் காட்டுக்கும் போடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுத்தமான கால்சியம் பெராக்சைடு ஒரு கிலோவிலிருந்து அதிகபட்சமாகச் சுமார் 220 கிராம் ஆக்சிஜன் வரும். வெதுவெதுப்பான மண்ணில் வேரும் நுண்ணுயிரும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 முதல் 10 கிராம் ஆக்சிஜன் செலவழிக்கும். ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். ஆக ஒரு ஏக்கருக்கு ஒரு நாள் மூச்சு 20 முதல் 40 கிலோ ஆக்சிஜன். அதற்கு 90 முதல் 180 கிலோ தூள் வேண்டும். மூன்று நாள் தண்ணீர் நின்றால் மும்மடங்கு. கூடவே அவ்வளவு சுண்ணாம்பும் மண்ணில் ஏறி அதன் காரத்தன்மையைக் கூட்டும். காடு முழுக்கப் போட இது ஆகாத காரியம். விதையைச் சுற்றி ஒரு விரல் அகல மண்ணுக்கும் தொட்டிச் செடிக்கும் நாற்றங்காலுக்கும் சரிவரும்.

தண்ணீர் வடிந்த பிறகு

முதலில் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கிழங்கு முற்றியிருந்தால் எந்தச் சத்தும் வேண்டாம், பிடுங்கிவிடுங்கள். பிடுங்கிய குச்சிக்கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கருக்கத் தொடங்கும். அதனால் ஆலையிலோ வியாபாரியிடமோ பேசிவிட்டுப் பிடுங்குவது நல்லது. இளம் பயிர் என்றால் காப்பாற்றிப் பார்க்கலாம்.

வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்ததும் உடனே யூரியா போடுவதை நிறைய இடங்களில் பார்க்கிறேன். இலை மஞ்சளாக இருப்பதால் மனசு பொறுக்காது. ஆனால் அந்த நேரத்தில் வேர் எடுத்துக்கொள்ளும் நிலையிலேயே இல்லை. ஈர மண்ணில் போட்டது மறுபடி வாயுவாகப் போய்விடும். ஆக்சிஜன் திடீரென்று திரும்பி வருவதே செல்லுக்கு ஒரு அதிர்ச்சி. பட்டினி கிடந்தவருக்கு உடனே விருந்து போட்டதைப் போல, அந்த ஆக்சிஜனில் ஒரு பங்கு செல்லைச் சுடும் வடிவத்துக்கு மாறுகிறது. இரண்டு மூன்று நாள் பொறுங்கள். சேற்றை மிதித்து இறுக்காதீர்கள். புதுத் துளிர் நிமிர்ந்ததும் இலைவழியாகக் கொடுக்கலாம். கடையில் 13:0:45 என்று கேட்டால் கிடைக்கும் பொட்டாசியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 10 கிராம் வீதம், 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். பறிபோன தழைச்சத்தையும் கசிந்துபோன பொட்டாசியத்தையும் இது சேர்த்தே தரும். கால்சியத்தைப் போல அல்லாமல் இவை இரண்டும் இலையிலிருந்து கீழே இறங்கக்கூடியவை. மண் பொலபொலவென்று ஆனதும் தூருக்கு மண் அணைத்துவிடுங்கள்.

உங்கள் காட்டிலேயே பார்க்க

எந்தச் சத்தை வாங்குவதற்கு முன்பும் ஒரு கடப்பாரை வேலை இருக்கிறது. ஒரு அடி ஆழம், ஒரு அடி அகலக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். ஒரு அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் மண் மூச்சு விடும் மண். அதில் பாதிகூட இறங்காவிட்டால் உங்கள் பணம் முதலில் வடிகால் வாய்க்காலுக்கும் உயரமான பாருக்கும் போக வேண்டும். அதற்கு அடுத்து மண் பரிசோதனை. ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமும், 1963 முதல் கிழங்குகளுக்கென்றே இயங்கும் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தின் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் மண்ணுக்கேற்ற அளவைச் சொல்லக்கூடிய இடங்கள்.

ஜிப்சமோ துத்தநாக நேர்த்தியோ செய்யும்போது காடு முழுக்க ஒன்றுபோலச் செய்துவிடாதீர்கள். மேட்டுப் பக்கம் இரண்டு பார், பள்ளப் பக்கம் இரண்டு பார் எதுவும் போடாமல் விடுங்கள். அந்தப் பார்களின் தலைப்பில் ஒரு முளைக்குச்சி அடித்து அடையாளம் வையுங்கள். அறுவடை நாளில் போட்ட பாரிலிருந்தும் போடாத பாரிலிருந்தும் பத்துப் பத்துச் செடி பிடுங்கி, தனித்தனியாக எடை போட்டு, ஒவ்வொரு கிழங்கின் நுனியையும் கத்தியால் வெட்டிப் பாருங்கள். வெள்ளையா பழுப்பா என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இரண்டு குவியலையும் ஆலையில் தனியாகப் பாயிண்ட் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த தையில் குச்சி நடும்போது அந்தக் குறிப்பு கையில் இருக்கட்டும்.